கர்ப்பப்பையை எடுத்த பிறகும் ரத்தம் படுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. நார்க்கட்டியால் மாதம் பத்துப் பன்னிரண்டு நாள் ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. ஒன்றேகால் வருடத்துக்கு முன்பு வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். ‘இனி பீரியட்ஸ் தொல்லையே இல்லை’ என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் நான்கைந்து மாதமாக, மாதம் ஒருமுறை இரண்டு நாள் லேசாக ரத்தம் படுகிறது. அதற்கு முன் மார்பு கனக்கிறது. ‘நிஜமாகவே எடுத்தார்களா?’ என்கிறார் நாத்தனார். அந்த இரண்டு நாளும் பூஜையறைக்குள் போகாதே என்கிறார் மாமியார். சில இரவுகளில் திடீரென்று உடம்பெல்லாம் எரிந்து வியர்த்துக் கொட்டுகிறது. புற்றுநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி மாவட்டம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நாத்தனாரின் சந்தேகத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். கர்ப்பப்பையை எடுத்த பிறகும் ரத்தம் படலாம். அதற்கான காரணங்களில் பெரும்பாலானவை எளிதில் சரிசெய்யக் கூடியவை. ஆனால் உங்களுக்கு எந்தக் காரணம் என்பதை நேரில் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். கடிதத்தை மட்டும் படித்துவிட்டு ‘ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்’ என்று நான் எழுதினால் அது தப்பு. இத்தனை மாதம் பொறுத்தது போதும், இந்த வாரமே ஒரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துப் போங்கள். கர்ப்பப்பை ஆபரேஷன் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சிலருக்குக் கருப்பை வாயோடு சேர்த்து முழுவதும் எடுப்பார்கள். சிலருக்கு மேல் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வாயை அப்படியே விட்டுவிடுவார்கள். சினைப்பைகளை எடுப்பதும் விடுவதும் தனி முடிவு. சம்மரியில் ‘டோட்டல் ஹிஸ்டரெக்டமி’ என்று இருந்தால் கருப்பையும் வாயும் போய்விட்டன என்று அர்த்தம். சினைப்பையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ‘சப்டோட்டல்’ அல்லது ‘சுப்ராசர்விகல்’ என்று இருந்தால் வாய் உள்ளேயே இருக்கிறது. கூடவே ‘ஊஃபரெக்டமி’ என்ற சொல் இருந்தால் சினைப்பையையும் எடுத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து ஓர் உறுப்பை எடுத்துவிட்டு, எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று அவளுக்குப் புரியும்படி சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புவது எனக்குக் கோபத்தையே தருகிறது. அதைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

பேப்பர் தொலைந்துவிட்டதா? உள்நோயாளிகளின் பதிவுகளை மருத்துவர்கள் 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறையே சொல்கிறது. தைரியமாக எழுதிக் கேளுங்கள். எடுத்த கர்ப்பப்பையின் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் சேர்த்து வாங்குங்கள். அதில் புற்றுநோய் இல்லை என்று இருந்தால் உங்கள் பயத்தில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

மாதாமாதம் வருகிறது, அதற்கு முன் மார்பு கனக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும், உங்கள் சினைப்பை வேலை செய்கிறது, கருப்பை வாயும் உள்ளே இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. வாயின் மேல்பகுதியில் கர்ப்பப்பையின் உள்சவ்வு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஹார்மோனுக்கு ஏற்ப வளர்ந்து மாதம் ஒருமுறை உதிரும். வாயை விட்டுவைத்த பெண்களில் 100-க்கு 5 முதல் 20 பேர் வரை இப்படி லேசான ரத்தப்போக்கைப் பார்க்கிறார்கள். உங்களுக்கும் அதுதான் என்றால் ஆபத்தில்லை. ஆனால் வாய் இருக்கும்வரை கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை விடக்கூடாது. ‘கர்ப்பப்பையே இல்லையே, எனக்கு எதற்கு’ என்று பலரும் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். தமிழ்நாட்டின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனையை இலவசமாகவே செய்கிறார்கள்.

வாயையும் எடுத்துவிட்டார்கள் என்றால் கதை வேறு. அப்போது பிறப்புறுப்பின் மேல் முனையை, சுருக்குப் பையின் வாயை இழுத்து மூடுவதுபோலத் தைத்து மூடியிருப்பார்கள். அந்தத் தையல் இடத்தில் சில சமயம் சிவப்பாக, சின்னதாகச் சதை வளரும், தொட்டாலே கசியும். டாக்டர் ஸ்பெகுலம் என்ற, பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவியை வைத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். சில்வர் நைட்ரேட் என்ற, சதையைச் சுட்டுக் கருக்கும் மருந்து தடவிய குச்சியால் அந்த இடத்தைத் தொட்டுவிடுவார்கள். மயக்க மருந்து வேண்டாம், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஹார்மோன் குறைந்து உட்புறம் வறண்டு மெலிந்துபோனாலும் ரத்தம் படும்; அதற்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது. அரிதாக எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற சதை வேறு இடத்தில் வளர்வது) இருக்கலாம், அதைவிட அரிதாகப் புற்றுநோய். அந்த அரிதானதற்காகத்தான் பார்த்தே ஆக வேண்டும் என்கிறேன். அப்புறம் இன்னொன்று: ரத்தம் சிறுநீரோடு வருகிறதா, மூலத்திலிருந்து வருகிறதா என்பதையும் கவனியுங்கள். நாப்கினில் படும் கறையை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது.

(ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கும் வாசகிகள் இதைப் படித்துப் பதற வேண்டாம். முதல் 4 முதல் 6 வாரம் பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ கொஞ்சம் படுவது இயல்பு. உள்தையல் கரையும்போது ஒரு நாள் சற்றுக் கூடுதலாகவும் படலாம். அந்தக் காலத்தில் தண்ணீர்க் குடம், சிலிண்டர் தூக்காதீர்கள்.)

இரவில் எரிந்து வியர்ப்பது மாதவிடாய் முடியும் காலத்தின் அறிகுறி. சினைப்பையை விட்டுவைத்தாலும், ஆபரேஷன் ஆன சிலருக்கு அது கொஞ்சம் சீக்கிரமே ஓய ஆரம்பிக்கிறது. பீரியட்ஸ் நின்றதை வைத்து அறிய வழியில்லாததால், உடம்பு இப்படித்தான் தகவல் சொல்லும். சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு இது ஒரே வாரத்தில்கூடத் தொடங்கிவிடும், எலும்புத் தேய்மானமும் வேகமாகும். தூக்கம் கெடும் அளவுக்கு இருந்தால் ஹார்மோன் மாத்திரை பற்றிக் கேளுங்கள். ஆனால் வாய் உள்ளே இருக்கிறதா, சவ்வு மிச்சம் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் எந்த மாத்திரை என்று முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா சாப்பிட்டதை வாங்கிப் போடாதீர்கள்.

உங்கள் மாமியார் சொல்வதற்கு மருத்துவத்தில் எந்த இடமும் இல்லை. அவர் அவருக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். உடம்புக்கு என்னவோ என்று பயந்துபோயிருக்கும் பெண்ணை வாசலில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. பூஜையறைக்குப் போவதா வேண்டாமா என்பது உங்கள் மனசைப் பொறுத்தது.

கணவரிடம் இன்றே சொல்லுங்கள். பரிசோதனைக்கு அவரையும் கூட்டிப் போங்கள். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை தாம்பத்தியம் வேண்டாம் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தம் கொட்டினாலோ, துர்நாற்றத்தோடு காய்ச்சல் வந்தாலோ, அடிவயிற்றில் திடீரென்று தாங்க முடியாத வலி வந்து கீழே ஏதோ இறங்குவதுபோல் இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.