முதல் மதிப்பெண்ணுக்குப் பிறகு

அன்புள்ள ஐயா,

முதுகலை வரை வகுப்பில் நான்தான் முதல். பிஎச்.டி.யில் சேர்ந்து 18 மாதங்கள் ஆகின்றன. நூறு கட்டுரைகளுக்கு மேல் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு அத்தியாயம்கூட எழுத வரவில்லை. நெறியாளரைப் பார்க்கவே பயமாக இருக்கிறது, நடைவழியில் அவர் வந்தால் ஒதுங்கிவிடுகிறேன். என்னோடு சேர்ந்தவர் கருத்தரங்கில் கட்டுரையே வாசித்துவிட்டார். ஆய்வு செய்யும் தகுதி எனக்கு இல்லையோ? விட்டுவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது நடைவழியில் ஒதுங்குவது மட்டும்தான். 18 மாதங்களில் அத்தியாயம் எழுதாமல் இருப்பது ஆய்வு மாணவர்களிடையே சாதாரணம்.

முதுகலை வரை உங்களிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் விடை ஏற்கெனவே யாரிடமோ இருந்தது. அதைப் பிழையில்லாமல் சொன்னதற்குத்தான் முதல் மதிப்பெண். இப்போது கேள்வியையே நீங்கள்தான் உருவாக்க வேண்டும், விடை உங்கள் நெறியாளருக்கும் தெரியாது. பெர்லின் பல்கலைக்கழகம் 1810இல் தொடங்கப்பட்டபோது அதற்கு வடிவம் கொடுத்த வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட் இந்த வேறுபாட்டைத்தான் சொன்னார். பள்ளி, ஏற்கெனவே முடிவான அறிவைக் கற்பிக்கிறது. பல்கலைக்கழகமோ அறிவை இன்னும் முழுதாகத் தீராத கேள்வியாகவே அணுக வேண்டும். அங்கிருந்துதான் இன்றைய ஆராய்ச்சிப் பட்டம் வளர்ந்தது. 1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அந்த முறையை அமெரிக்காவில் வேரூன்றச் செய்தது. ஆக்ஸ்ஃபோர்டு தன் முனைவர் பட்டத்தை 1917இல்தான் ஏற்படுத்தியது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்தவர் ஜெர்மனியின் கீசென் நகரில் வேதியியல் ஆய்வகம் நடத்திய லீபிக். அவருடைய மாணவர்கள் ஒவ்வொருவரும் முந்தைய நாள் செய்ததையும், அதைப் பற்றித் தாம் நினைப்பதையும் தினமும் காலையில் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் சரி என்பார், அல்லது தவறு என்பார். வரலாற்றாசிரியர் ராங்கேயும் மாணவர்களைத் தன் வீட்டில் கூட்டி, அவர்கள் எழுதி வந்ததை எல்லார் முன்னிலையிலும் அலசினார். முடிக்காத வேலையைக் காட்டுவது அங்கே வெட்கமாகக் கருதப்படவில்லை. பயிற்சியே அதுதான். நீங்கள் வைத்திருக்கும் நூறு கட்டுரைகளின் குறிப்புகளை உங்களைத் தவிர யாரும் பார்த்ததில்லை. தேக்கம் அங்கேதான் இருக்கிறது, உங்கள் தகுதியில் அல்ல.

நானும் 11 மாதங்கள் இப்படிக் குறிப்பேடுகளை நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் நெறியாளர் அவற்றை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, "உனக்கு என்ன தெரிய வேண்டும், அதை மட்டும் சொல்" என்றார். நான்கு வாக்கியங்களுக்கு மேல் எனக்கு வரவில்லை. அவமானமாக இருந்தது. அந்த நான்கில் மூன்றை அன்றே அடித்தோம். மிஞ்சிய ஒன்றைக் கொண்டுதான் நான்கு வருடங்கள் வேலை செய்தேன்.

விடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். பட்டம் இல்லாமலும் பெரிய அறிவாளியாக வாழலாம், இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசனுக்கு முனைவர் பட்டம் கிடையாது. அந்தக் கேள்வி உங்களை இழுப்பது நின்றுவிட்டால் தயங்காமல் விலகுங்கள். நீங்கள் காட்டியும் நெறியாளர் மாதக்கணக்கில் படிக்கவில்லை என்றால், துறையில் பேசி நெறியாளரை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் காட்டாமலே, பயத்தில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். உடன் சேர்ந்தவரின் கருத்தரங்குக் கட்டுரையையும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள், அவருடைய கேள்வி வேறு.

இந்த வாரம் ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த இரண்டு கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, அதில் உங்களுக்கு எது புரியவில்லை என்று மட்டும். மேற்கோள் வேண்டாம், அழகான நடை வேண்டாம். அதை நெறியாளருக்கு அனுப்பிவிட்டு அவருடைய அறைக்கு நீங்களே போங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.