அப்லோட் சிக்கல்கள்: கேள்வி-பதில்

பிஎச்பி-யில் அப்லோட் வரம்பை 20 எம்பி ஆக்கியும், 5 எம்பி பிடிஎஃப்-க்கே 413 பிழை வருகிறது. ஏன்?

413 என்பது 'அனுப்பியது மிகப் பெரிது' என்ற பிழை. அது வந்தால் பெரும்பாலும் கோப்பு பிஎச்பி வரை போகவே இல்லை. முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் திருப்பி அனுப்பிவிட்டது. அதில் 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' நாம் மாற்றாதவரை 1 எம்பி-தான். 25 எம்பி ஆக்கி ரீலோட் செய்யுங்கள்.

பிஎச்பி-யிலும் இரண்டு வரம்புகள் உண்டு. நாம் மாற்றாதவரை ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்தப் போஸ்டுக்கு 8 எம்பி. இரண்டாவது எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் பிழை எண் எதுவும் வராது. போஸ்ட், ஃபைல்ஸ் இரண்டு அரேயும் காலியாகிவிடும். பயனரோ எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு 'பெயரை நிரப்பவும்' என்ற செய்தியைப் பார்த்து முழிப்பார். கன்டென்ட்-லென்த் (அனுப்பிய அளவைச் சொல்லும் ஹெடர்) இருந்தும் இரண்டு அரேயும் காலி என்றால் 'கோப்பு பெரிது' என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் மூலம் ஃபார்ம்டேட்டா (படிவமும் கோப்பும் சேர்ந்த தொகுப்பு) அனுப்பினால் சர்வரில் ஒன்றுமே வரவில்லை.

கன்டென்ட்-டைப் ஹெடரை நீங்களே எழுதியிருப்பீர்கள். அந்த வரியை நீக்குங்கள். பகுதிகளைப் பிரிக்கும் பவுண்டரியைச் சேர்த்து பிரவுசரே எழுதிக்கொள்ளும்.

கோப்பின் டைப் ஜேபெக்கா என்று பார்த்துத்தான் ஏற்கிறேன். போதுமா?

போதாது. ஃபைல்ஸ் அரேயில் வரும் டைப், அனுப்பியவர் சொன்னது. கர்ல் கட்டளையில் அதை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். பிஎச்பி-யின் ஃபைல்இன்ஃபோ கொண்டு உள்ளிருக்கும் பைட்டுகளைப் பாருங்கள். அதுவும் முதல் சல்லடைதான்: தொடக்கத்தில் சரியான ஜேபெக் பைட்டுகளும் பின்னால் பிஎச்பி நிரலும் உள்ள கோப்பு அதைத் தாண்டிவிடும்.

எனவே கோப்பை வெப்ரூட்டுக்கு (பிரவுசர் நேரடியாக எட்டும் ஃபோல்டருக்கு) வெளியே வையுங்கள். பெயரை நீங்கள் ரேண்டமாக உருவாக்குங்கள். எக்ஸ்டென்ஷனையும் நீங்களே போடுங்கள். முடிந்தால் படத்தைத் திறந்து மறுபடி சேமியுங்கள். எஸ்விஜி படத்துக்குள் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கலாம். கட்டாயத் தேவை இல்லையென்றால் ஏற்காதீர்கள்.

அப்படி மறுபடி சேமித்தால் ஃபோன் படங்கள் படுத்துக்கொள்கின்றன. சில நேரம் மெமரியும் தீர்ந்துவிடுகிறது.

பல ஃபோன்கள் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை. எப்படித் திருப்பிக் காட்ட வேண்டும் என்பதை கோப்புக்குள்ளேயே இருக்கும் எக்ஸிஃப் குறிப்பில் எழுதுகின்றன. பிஎச்பி-யின் பட நூலகமான ஜிடி, சேமிக்கும்போது அந்தக் குறிப்பைத் தூக்கிவிடுகிறது. முதலில் அதைப் படியுங்கள்: 6 என்றால் வலப்புறமாக 90 டிகிரி, 3 என்றால் 180, 8 என்றால் இடப்புறமாக 90. ஜிடி-யின் ரொட்டேட் இடப்புறமாகச் சுற்றுவது என்பதால் 6-க்கு மைனஸ் 90 கொடுக்க வேண்டும். எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரமும் எக்ஸிஃப்போடு போய்விடும், அது நல்லதே.

மெமரிக்குக் கோப்பின் அளவு கணக்கல்ல, பிக்சல்தான். 4000 × 3000 படம் டிஸ்கில் 3 எம்பி இருக்கலாம். திறந்தால் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி. திருப்பும்போது இன்னொரு நகல், ஆக 96. வழக்கமான 128 எம்பி வரம்புக்குள் மூச்சுத் திணறும். திறப்பதற்கு முன்பே அகல உயரத்தைப் பார்த்து, மிகப் பெரியதை மறுத்துவிடுங்கள்.

தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் சில சேமிக்க முடிவதில்லை, சில தேடினால் கிடைப்பதில்லை.

லினக்ஸின் கோப்பு அமைப்பான இஎக்ஸ்டி4-இல் ஒரு பெயருக்கு 255 பைட் வரம்பு. யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் கணக்கு என்பதால் 85 குறியீடுகளில் முடிந்துவிடும்.

தேடலில் கிடைக்காததற்குப் பெரும்பாலும் 'கொ' போன்ற எழுத்துகள் காரணம். ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டில் வேறு. பழைய மேக் டிஸ்குகளிலிருந்து வருபவை பிரிந்த வடிவில் இருக்கும். பெயரை என்எஃப்சி (சேர்ந்த வடிவம்) ஆக்கி டேட்டாபேஸில் மட்டும் வையுங்கள். டிஸ்கில் ரேண்டம் பெயரே இருக்கட்டும்.

2 ஜிபி வீடியோவை அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3-க்கு எப்படி அனுப்புவது?

உங்கள் சர்வர் வழியாக வேண்டாம். ப்ரீசைன்ட் யூஆர்எல் (முன்கூட்டியே அனுமதி சேர்த்த முகவரி) கொடுத்து, பிரவுசரிலிருந்தே மல்டிபார்ட்டாக, அதாவது துண்டு துண்டாக, அனுப்ப விடுங்கள். கடைசித் துண்டைத் தவிர ஒவ்வொன்றும் குறைந்தது 5 எம்பி இருக்க வேண்டும். 10 எம்பி வசதியானது. ஒவ்வொரு துண்டுக்கும் வரும் ஈடேக் என்ற அடையாளக் குறியைக் கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோர்ஸ் (வேறு தளத்தின் பக்கம் எதைப் படிக்கலாம் என்ற விதி) அமைப்பில் ஈடேக் ஹெடரை வெளிப்படுத்தாவிட்டால், எல்லாத் துண்டுகளும் ஏறிய பிறகு அங்கே வந்து மாட்டிக்கொள்வீர்கள். பாதியில் நின்றவற்றின் துண்டுகள் பக்கெட் பட்டியலில் தெரியாது, ஆனால் பில் ஏறும். 7 நாளில் அவற்றை அழிக்கும் லைஃப்சைக்கிள் விதியை முதல் நாளே போட்டுவிடுங்கள்.