கருவின் உயிரும் சபையின் நாவும் – கடிதம்

அன்புள்ள அக்கா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

எங்கள் சபைச் சேகரத்தில் பெண்கள் ஞாயிறன்று மாலைக் கூட்டத்தில் 'பிறவாத குழந்தைகளைப் பாதுகாப்போம்' என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வழிதவறிப்போகும் வாலிபப் பெண்கள் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கருவைக் கலைப்பது பெருகிவிட்டது என்று எங்கள் சபைக் குருவானவரான ஐயர் வருத்தப்படுகிறார். எந்த வசனங்களை எடுத்துக்கொள்ளலாம்? கலைக்கப்பட்ட கருக்களின் படங்களைத் திரையில் காட்டினால் மனதில் பதியும் என்கிறார்கள், காட்டலாமா? சட்டமே இதை அனுமதிக்கும்போது நாம் என்ன சொல்வது?

ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

*

அன்புள்ள தங்கைக்கு, ஸ்தோத்திரம்.

இப்படிப்பட்ட கடிதங்களுக்குத் தனியாகத்தான் பதில் எழுதுவது வழக்கம். ஆனால் உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் என் பெரியம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கொஞ்சம் திட்டவும் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வசனங்களுக்கு நான் எதற்கு? தாயின் வயிற்றில் தேவன் நம்மை உருவாக்கியதைப் பாடும் 139ஆம் சங்கீதத்தை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளே ஒப்பிக்கும். மரியாளின் வாழ்த்துதலைக் கேட்டதும் எலிசபெத்தின் வயிற்றில் பிள்ளை துள்ளியதை லூக்கா எழுதியிருக்கிறார். ஆதித் திருச்சபையின் போதனை நூலான 'டிடாக்கே' கருவைக் கலைக்காதே என்று வெளிப்படையாகச் சொல்கிறது. வேண்டாத பிள்ளைகளைத் தெருவில் போட்டுவிடுவதை ரோமச் சட்டம் தடுக்காத காலத்தில் எழுதப்பட்டது அது. சட்டம் அனுமதிக்கிறதே என்று அந்த விசுவாசிகள் திகைத்து நிற்கவில்லை. நம் நாட்டில் 1971இல் வந்த கருக்கலைப்புச் சட்டம், 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரையிலும் சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரையிலும் மருத்துவர் ஒப்புதலோடு அனுமதிக்கிறது. இருக்கட்டும். கருவில் இருப்பது தேவன் கொடுத்த உயிர் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கருக்குழாயில் கரு தங்கிவிட்ட பெண்ணைப் பற்றியும் பலாத்காரத்துக்கு ஆளான சிறுமியைப் பற்றியும் மைக்கைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

படங்களைக் காட்டவே காட்டாதீர்கள். உங்கள் கூட்டத்தில் மூன்றாம் மாதத்தில் கரு தானாகக் கலைந்து, அந்த நாளை இன்றும் மறக்காதவர்கள் இருப்பார்கள். மாமியாரின் நெருக்குதலில் என்றோ ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, யாரிடமும் வாய் திறக்காமல் வருடக்கணக்காகத் திருவிருந்து எடுப்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் கண்ணெதிரே எதைக் காட்டப்போகிறீர்கள்? இந்த யோசனை யாருடையதோ, அவரிடம் புரொஜெக்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

என் கோபமெல்லாம் 'வழிதவறிப்போகும் வாலிபப் பெண்கள்' என்ற அந்த வரியின் மேல்தான். கருக்கலைப்புக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கழுத்தில் தாலியோடு போகிறவர்கள், தங்கையே. கைக்குழந்தை இன்னும் பால்குடி மறக்கவில்லை, அதற்குள் அடுத்தது. கணவனுக்கு வேலை இல்லை, அல்லது குடி. முதல் இரண்டும் பெண், மூன்றாவதும் பெண்ணாக இருந்தால் சீதனத்துக்கு எங்கே போவது என்று நடுங்குகிற வீடுகள் நம் சபைகளிலும் இல்லையா? கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுத்து 1994இல் சட்டம் வந்தது. நூறு பவுன் பேசி முடித்த கல்யாணத்துக்கு ஆராதனையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதை நம் சபைகள் ஒருநாளும் தடுத்ததில்லை. இதை உங்கள் ஐயரிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

சரி, கல்யாணமாகாத பெண்ணுக்கே வருகிறேன்.

என் பெரியம்மா மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டு நர்ஸ். எண்பதுகளில் ஒருநாள் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வார்டுக்கு வந்தாள். பாடகர் குழுவில் பாடுகிறவள். ஐந்து மாதம் தாண்டியிருந்தது. எப்படியாவது கலைத்துவிடுங்கள் என்று பெரியம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டதற்கு அவள் சொன்னது: 'வருகிற ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.' சபைக் கமிட்டியின் முடிவு அது. பையனும் அதே பாடகர் குழுதான். அவன் அப்பா கமிட்டி அங்கத்தினர். மகனை அதற்குள் பம்பாய்க்கு ரயிலேற்றிவிட்டிருந்தார்.

அந்தப் பிள்ளையின் உயிருக்குக் கெடு வைத்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஊரில் மருந்துக்கடைக்காரன் யாரும் அவளிடம் மாத்திரை நீட்டவில்லை. எந்தச் சட்டத்தையும் அவள் படித்ததில்லை. அவளைத் துரத்தியது ஓர் ஆராதனை.

பெரியம்மா அவளைத் தன் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் முருங்கைக்கீரையும் முட்டையும், ராத்திரி சாஸரில் இரும்புச்சத்து மாத்திரை. விழுங்குகிறாளா என்று எதிரிலேயே நின்று பார்ப்பார். வாசலில் ஆள் அரவம் கேட்டால் அவள் பின்கட்டுத் துவைகல்லுக்கு ஓடிவிடுவாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு கேரல் பவனி வந்தபோதும் ஓடினாள். பெரியம்மா கையைப் பிடித்து இழுத்து வந்து முன்ஹாலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். முந்திரிக்கொத்துத் தட்டை அவள் மடியில் வைத்து, 'வருகிறவர்களுக்கு நீதான் கொடுக்கவேண்டும்' என்றார். அப்போது நான் பள்ளிக்கூடப் பெண். ஐயர் தட்டிலிருந்து எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றதை நேரில் பார்த்தேன். கடைசியில் எடுத்துக்கொண்டார்.

பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தைக் கிழமை நாளில், சாயங்காலத்தில், ஆளில்லாத நேரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பெரியம்மா மறுத்துவிட்டார். மற்றப் பிள்ளைகளுக்கு எப்படியோ அப்படித்தான் இவளுக்கும், ஞாயிறு ஆராதனையில், எல்லோரும் பார்க்க. மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகுதான் இறங்கிவந்தார்கள். அந்தத் தாய் பிறகு தையல் கற்றுக்கொண்டு தன் பிள்ளையைத் தானே வளர்த்தாள்.

மரியாளுக்கு நியமிக்கப்பட்டிருந்த யோசேப்பை வேதம் நீதிமான் என்கிறது. தேவதூதன் சொப்பனத்தில் தோன்றியதைச் சொல்வதற்கு முன்பே அப்படிச் சொல்கிறது. அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தனக்கு நியமித்த பெண் கர்ப்பவதி, பிள்ளை தன்னுடையது அல்ல என்பதுதான். அப்படிப்பட்ட பெண்ணைக் கல்லெறியச் சொல்லும் உபாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் ஊர்வாசலுக்குப் போயிருக்கலாம். அவளை அவமானப்படுத்த அவருக்கு மனதில்லை. விலகிவிட நினைத்தபோதுகூட யாருக்கும் தெரியாமல் விலகத்தான் நினைத்தார். பிறவாத குழந்தைகளைப் பற்றிப் பேச வேதத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. டிசம்பர் தோறும் இதை வாசித்துவிட்டு, ஜனவரியில் கமிட்டி கூட்டி ஒரு பெண்ணைப் பாடகர் குழுவிலிருந்து நீக்குகிறோமே, எந்தத் தைரியத்தில்?

1992இல் சேலத்தில் அரசாங்கம் தொட்டில் வைத்தது. பெண் குழந்தையைக் கொல்லாதே, இதில் விட்டுப் போ, யார் என்று கேட்கமாட்டோம் என்றது. அந்த அளவுக்காவது நாம் இறங்கிவரவேண்டாமா?

பேசுவதற்கு முன் கமிட்டியிடம் ஒரு தீர்மானம் கேளுங்கள். கர்ப்பமான எந்தப் பெண்ணும் சபை முன் நிறுத்தப்படமாட்டாள், திருவிருந்திலிருந்து விலக்கப்படமாட்டாள், அவள் பிள்ளைக்கு ஞாயிறு ஆராதனையிலேயே ஞானஸ்நானம். பிரசவச் செலவுக்கும் அதற்குப் பிந்திய மாதங்களுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கையிலிருந்து ஒரு தொகை ஒதுக்கவேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரகசியம் காக்கத் தெரிந்த ஒருவரின் போன் எண்ணை எல்லோருக்கும் கொடுங்கள். பிள்ளையை வளர்க்கவே முடியாது என்கிறவளை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் அவரே அழைத்துப் போகட்டும். ஒப்படைத்த தாய்க்கு மனம் மாறினால் 60 நாளுக்குள் பிள்ளையைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இதையும் மேடையிலேயே சொல்லுங்கள்.

தீர்மானத்துக்குக் கமிட்டி சம்மதிக்காவிட்டால் பேச மறுத்துவிடுங்கள். சம்மதித்தால் எனக்குத் தேதியை எழுதுங்கள். நான் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா