வாசகர் கேள்விகள்: சேனாதிபதி அமைச்சராகும்போது

கேள்வி: மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல் ஒன்றை எழுதி வருகிறேன். எல்லைப் போரில் புகழ்பெற்ற சேனாதிபதி ஒருவன் ஊழல் செய்து பொருள் சேர்த்து, பின்னர் அரசவையில் முதலமைச்சராகிறான். படித்துப் பார்த்தவர்கள் எல்லோரும், அவன் வில்லன் வேடம் போட்டவனாகத் தெரிகிறானே தவிர மனிதனாகத் தெரியவில்லை என்கிறார்கள். எங்கே தவறுகிறேன்?

பதில்: நீங்கள் அனுப்பியிருந்த மூன்று அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். அவன் தங்கக் கிண்ணத்தில் மது அருந்துகிறான், பணியாளரை அடிக்கிறான், உரக்கச் சிரிக்கிறான். ஆனால் அந்தத் தங்கம் அவன் கைக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பது ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது. படையில் நடக்கும் களவு பெரும்பாலும் பட்டப்பகலில், கணக்குப் புத்தகத்தில், கையொப்பத்தோடு நடப்பது. அந்தக் கணக்கை நீங்கள் எழுதிவிட்டால் அவனுடைய குணம் அதிலிருந்தே வெளிப்படத் தொடங்கும்.

மிகப் பழைய வழி, இல்லாத வீரனுக்குச் சம்பளம் எழுதுவது. 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் படைப்பிரிவுத் தலைவர்கள் தங்களிடம் உள்ள வீரர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் பெற்றார்கள். அதனால் ஆய்வு அதிகாரி வரும் நாளில் மட்டும் கூலிக்கு ஆள் பிடித்து வரிசையில் நிறுத்தும் வழக்கம் பரவியது, கடுந்தண்டனை விதித்தும் அதை எளிதில் ஒழிக்க முடியவில்லை. இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இராக்கின் மோசூல் நகரம் ஐ.எஸ். தீவிரவாதிகளிடம் வீழ்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில், இராக்கியப் பிரதமர் ஹைதர் அல் அபாதி, நான்கு படைப்பிரிவுகளில் மட்டும் 50,000 பெயர்கள் ஆளின்றிச் சம்பளப் பட்டியலில் இருப்பதாக அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார்.

உங்கள் சேனாதிபதியின் படையில் 8,000 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் 500 பேர் பட்டியலில் மட்டும் வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ தானியம் என்றால், நாள்தோறும் 500 கிலோ, அதாவது ஏறக்குறைய ஒரு மாட்டுவண்டிச் சுமை மிஞ்சும். அந்த வண்டியை ஓட்ட ஒருவன் வேண்டும், இறக்கி வைக்கக் கிடங்கு வேண்டும், வாங்கிக்கொள்ள வணிகன் வேண்டும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதக் கணக்கன் வேண்டும். ஒரு மனிதனின் பேராசை இத்தனை பேரின் பிழைப்பாக மாறுவதை நீங்கள் காட்டினால், அவனை ஏன் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை என்ற கேள்விக்குத் தனியாக விளக்கம் எழுத வேண்டியிருக்காது. அதோடு, அந்த 500 பேரும் முற்றுகையின்போது கோட்டைச் சுவரின் எந்தப் பகுதியில் நின்றிருக்க வேண்டும் என்பதையும் தயவுசெய்து முடிவு செய்யுங்கள். அவர்கள் நிற்காத இடத்தில்தான் பகைவன் ஏறி வருவான். அங்கே தனியாக நின்று சாகும் இளைஞனை வாசகர் மறக்கவே மாட்டார்.

கேள்வி: படையில் இருந்தபோது கொள்ளையடித்தவனை மக்களும் அவையோரும் எப்படித் தலைவனாக ஏற்பார்கள்? என் கதையில் இந்தத் திருப்பம் நம்பும்படியாக அமையவில்லை.

பதில்: வரலாற்றில் அது அரிதான திருப்பமே அல்ல. ராபர்ட் கிளைவ் இந்தியாவில் தம் முதல் செல்வத்தை ஈட்டியதில், படைக்கு உணவுப்பொருள் வாங்கித் தரும் பொறுப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பணத்தோடு இங்கிலாந்துக்குத் திரும்பியவர், 1754இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று வென்று, மறு ஆண்டே தேர்தல் முறையீட்டில் அந்த இடத்தை இழந்தார். மீண்டும் இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1757இல் பிளாசிப் போர் முடிந்தபின் வங்காளத்தின் புதிய நவாப் மீர் ஜாபரிடமிருந்து அவர் பெற்ற தொகை, பின்னாளில் நாடாளுமன்றம் கணக்கிட்டபடி, 2,34,000 பவுன். 1761இல் மறுபடியும் உறுப்பினராகி, இறக்கும் வரை அந்த இடத்தில் இருந்தார். 1773இல் அவர் மீது விசாரணை வந்தபோது, அத்தொகையை அவர் பெற்றது உண்மை என்று பதிவு செய்த அதே அவை, அவர் நாட்டுக்குச் சிறந்த தொண்டாற்றினார் என்றும் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரே அவையிலிருந்து வந்த இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உங்கள் நாவலுக்கு வேண்டிய அரசவைக் காட்சி முழுவதும் அதில் இருக்கிறது. அவனைக் குற்றவாளி என்று சொன்னால், அவன் வென்று தந்த நிலமும் களவுப் பொருளாகிவிடும் என்ற அச்சம் அவையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு, ஏனெனில் அந்த நிலத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

சாதாரண வீரர்களின் ஆதரவு வேறு வகையானது. ரோமில் கி.மு. 107இல் மாரியுஸ் என்ற தளபதி, நிலமற்ற ஏழைகளையும் படையில் சேர்த்துக்கொண்டார். போர் முடிந்து வீடு திரும்பும்போது அத்தகைய வீரர்களுக்கு நிலம் கிடைப்பது அரசைவிடத் தளபதியின் கையில் இருந்தது. ஆகவே அவர்களின் பற்றும் தளபதியின் பக்கம் சாய்ந்தது. இருபது ஆண்டுகளுக்குள், கி.மு. 88இல், சுல்லா என்ற இன்னொரு தளபதி தம் படையை ரோம் நகரத்தின் மீதே நடத்திச் சென்றார். உங்கள் சேனாதிபதி வீரர்களின் ரேஷனில் திருடுகிறவன். ஆனாலும் ஊனமுற்றவனுக்கு நிலம் வாங்கித் தருகிறவனும், இறந்தவனின் மகளுக்குத் திருமணம் நடத்தி வைக்கிறவனும் அவனே. திருடிய பத்தில் இரண்டைத் தன் பெயரால் திருப்பிக் கொடுக்கிறான்; எட்டு பற்றி யாரும் அறியார், இரண்டை ஊரே அறியும். அவன் தேடிக்கொண்ட அரசியல் முதலீடு அந்த இரண்டுதான். இதைக் கண்டு எனக்கு எழும் கோபம் சிறியதல்ல. உங்கள் வாசகருக்கும் அந்தக் கோபம் எழ வேண்டும், ஆனால் அந்த ஊனமுற்ற வீரனின் நன்றியைக் கேலிக்குரியதாக்கி அதை எழுப்பாதீர்கள். அவனுக்கு அந்த நிலம் உண்மையாகவே தேவை.

கேள்வி: என் உலகில் பொய்யைக் கண்டறியும் மந்திரம் இருக்கிறது. அப்படியிருக்க ஊழல் எப்படி நடக்கும்?

பதில்: மந்திரத்தை எடுத்துவிட வேண்டாம். அது பொய்யைத்தானே கண்டறிகிறது? கேட்கப்படாத கேள்வியை அது கண்டறியாதல்லவா! உங்கள் சேனாதிபதி எந்தத் தாளையும் படிக்காமல் முத்திரையிடும் பழக்கம் உடையவனாக இருக்கட்டும். "இதில் தவறு இருப்பதாக நான் அறியேன்" என்று அவன் மந்திரவாதியின் முன் சொல்லும்போது அது உண்மையாகவே இருக்கும். அறியாமல் இருப்பதற்காகவே அவன் ஓர் அலுவலகத்தை அமைத்துக்கொண்டிருக்கிறான். அமைச்சரானபின் அவன் முதலில் கைப்பற்ற வேண்டியது கருவூலத்தை அல்ல, யாரை மந்திரத்தின் முன் நிறுத்தலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை.

பொதுவாக, மிகுபுனைவில் ஊழல் எழுதுவோர் மந்திரத்தைச் செலவில்லாத பொருளாகக் கருதிவிடுகிறார்கள். காயம் ஆற்றும் மருந்து இருந்தால் அதில் தண்ணீர் கலக்கலாம். பறவைநாகத்துக்கு இறைச்சி அளந்து போடுகிறார்கள் என்றால் எடைக்கல்லைக் குறைக்கலாம். இறந்தவர்களை எழுப்பும் சடங்கு உங்கள் உலகில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்: அப்படியானால் செத்த வீரன் ஆய்வு நாளில் தானே வரிசையில் வந்து நிற்பான், கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டியதில்லை.

கேள்வி: அவனுக்கு நல்ல குணம் ஏதாவது கொடுத்தால் வாசகர் மன்னித்துவிட மாட்டார்களா?

பதில்: துணிச்சலைக் கொடுங்கள். 1751இல் ஆற்காட்டை சுமார் 500 பேருடன் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய அதே கிளைவ்தான் மேலே சொன்ன தொகையையும் பெற்றார். துணிச்சலும் களவும் ஒரே உடலில் குடியிருக்கும் என்பதைக் காட்டினால் வாசகர் மன்னிக்க மாட்டார், கலங்குவார்.

கேள்வி: இறுதியில் கதாநாயகி அவனை வாளால் கொல்வதாக முடித்திருக்கிறேன். சரியா?

பதில்: எனக்கு அது நிறைவளிக்கவில்லை. கணக்கால் உயர்ந்தவனைக் கணக்கு வீழ்த்துவதே பொருத்தம். கி.பி. 193இல் ரோமப் பேரரசரின் மெய்க்காவல் படை, பெர்டினாக்ஸ் என்ற பேரரசரைக் கொன்றுவிட்டு அரியணையை ஏலத்தில் விட்டது. டிடியுஸ் ஜூலியானுஸ் என்ற செல்வர், வீரருக்கு 25,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) தருவதாகச் சொல்லி அதை எடுத்தார். எல்லைப் படைகளோடு செப்டிமியுஸ் செவெருஸ் என்ற மாகாண ஆளுநர் நெருங்கி வந்தபோது, விலை கொடுத்து வாங்கிய அந்தக் காவலில் பயன் ஏதும் இல்லை. 66 நாளில் அவர் ஆட்சியும் உயிரும் முடிந்தன.

உங்கள் கதைக்கு ஏலம் வேண்டாம். நீங்கள் அனுப்பிய அத்தியாயம் ஒன்றில் வந்து பிறகு காணாமல் போகும் அந்த விதவையைத் திரும்ப அழைத்து வாருங்கள். புதிய முதலமைச்சர் தம் பழைய வீரர்களுக்குத் தம் கையால் சம்பளம் வழங்கும் விழா நடக்கிறது. அவள் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறாள். கணக்கன் பட்டியலைப் படித்துக்கொண்டே வருகிறான். நான்கு ஆண்டுகளுக்கு முன் கோட்டைச் சுவரில் இறந்த அவள் கணவனின் பெயரைப் படிக்கிறான். வரிசையிலிருந்து யாரோ ஒருவன் "உள்ளேன்" என்கிறான். அவள் அந்தக் குரல் வந்த திசை நோக்கி நடக்கத் தொடங்கட்டும். அந்தக் காட்சியை எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம்.