மாரியப்பன் இறங்குகிறாரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாராலிம்பிக் உயரம் தாண்டுதல் வீரர் மாரியப்பன் தங்கவேலு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதில் பெருமைதான். ஆனால் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம். இது இறங்குமுகம்தானே? அவருக்குப் பிறகு தமிழ்நாட்டில் யார் இருக்கிறார்கள்?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

பதக்கத்தின் நிறத்தை விட்டுவிட்டு உயரத்தைப் பாருங்கள். ரியோவில் 1.89 மீட்டர், டோக்கியோவில் 1.86, பாரிசில் 1.85. எட்டு ஆண்டுகளில் நான்கு சென்டிமீட்டர்தான் குறைந்திருக்கிறது, இரண்டு விரல் அகலம். பாரிசில் அமெரிக்காவின் எஸ்ரா ஃப்ரெச் 1.94 தாண்டினார். ரியோவில் தங்கம் தந்த அதே 1.89ஐ அன்று தாண்டியிருந்தாலும் மாரியப்பனுக்கு வெள்ளிதான் கிடைத்திருக்கும். போட்டி அவ்வளவு கடுமையாகிவிட்டது. பாரிஸ் போட்டி நடந்த அதே 2024இல், ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம் வென்றவரும் இவர்தான்.

டோக்கியோவை மறக்கவே முடியாது. விமானத்தில் கொரோனா தொற்றுள்ள ஒருவருக்கு அருகில் இருந்ததால், தொடக்க விழாவில் தேசியக் கொடியேந்தும் வாய்ப்பு கைநழுவியது. போட்டியன்று மழை. ஐந்து வயதில் பஸ் ஏறி நசுங்கிய வலது கால்; அதில் போட்டிருந்த காலுறை நனைந்து, தாண்டுவதே கடினமாகிவிட்டதாக அவரே பின்னர் சொன்னார். அப்படித் தாண்டியதுதான் அந்த 1.86. அந்த வெள்ளியைத் தங்கத்துக்கு ஒரு படி கீழே வைக்க எனக்கு மனம் வராது. தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர்.

பிறகு யார் என்று கேட்கிறீர்கள். பிறகு என்ன, கூடவே வந்துவிட்டார்கள்! பேட்மிண்டன் பாராலிம்பிக்கில் சேர்ந்ததே டோக்கியோவில்தான். அடுத்த பாரிசிலேயே ஓசூரின் நித்யஸ்ரீ சிவன், உயரம் குறைந்தவர்களுக்கான பிரிவில் வெண்கலம் வென்றார். கைப் பாதிப்புள்ளவர்களுக்கான பிரிவின் அரையிறுதியில் வலைக்கு இருபுறமும் நம் பெண்கள்: காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன், திருவள்ளூரின் மனிஷா ராமதாஸ். யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் தவித்தேன். 23-21, 21-17 என்று துளசிமதி வென்றார். மறுநாள் அவருக்கு வெள்ளி, மனிஷாவுக்கு வெண்கலம்.

அந்த முதல் செட்டை மட்டுமாவது தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.