இன்னும் 11 நாள்: மனைவியை இங்கேயே வைத்துக்கொள்வதா, ஊருக்கு அனுப்புவதா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஷிஃப்டு வேலை பார்க்கிறேன். அம்மாவோடு தோட்டத்து வீட்டில் இருக்கிறேன். ஐந்து வாரத்துக்கு முன்பு புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் கல்யாணம் நடந்தது. மனைவி இந்தியாக்காரர். இப்போது விசா வேண்டாம் என்பதால் என்னோடு வந்துவிட்டார். கொடுத்த 30 நாளில் 11 நாள்தான் மிச்சம். கையில் கோயில் ரசீது, பத்திரிகை, கல்யாண ஆல்பம் இருக்கின்றன. தாய்லாந்து எல்லை ஊரான பெத்தோங் போய்த் திரும்பினால் இன்னொரு 30 நாள் கிடைக்கும் என்கிறார்கள். ஏஜெண்டு ஒருவர் 6,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். போன வாரம்தான் மனைவி கர்ப்பம் என்று தெரிந்தது. விசா வர எத்தனை நாள் ஆகும்? அதுவரை அவர் வீட்டிலிருந்து துணி தைத்துக் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, முதலில் வாழ்த்து. மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வாருங்கள், அந்த 11 நாள் முடிவதற்குள். கேட்கக் கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆனால் விசா எப்போது வரும் என்ற கேள்விக்கே நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை. உங்கள் கல்யாணம் பதிவாகவில்லை. அந்தத் தாள் இல்லாமல் ஈப்போ இமிகிரேஷன் (குடிநுழைவுத் துறை) கவுண்டரில் போய் நின்றால், உங்கள் விண்ணப்பத்தைக் கையில் வாங்கவே மாட்டார்கள்.

நம் வழக்கத்தில் தாலி ஏறினால் கல்யாணம் முடிந்தது. பதிவு என்பது பிறகு ஆற அமரப் பார்த்துக்கொள்ளும் சமாச்சாரம். குடிநுழைவுத் துறைக்கு எல்லாமே பதிவுப் பத்திரத்தில்தான் தொடங்குகிறது. கோயிலில் நடந்த கல்யாணம் செல்லாது என்று நான் சொல்லவில்லை. அது நடந்தது என்று காட்ட உங்களிடம் இருப்பது ஒரு ஆல்பம்தான், அவ்வளவே.

இங்கேயே ஜே.பி.என்.னில் (தேசியப் பதிவுத் துறை) பதிவுத் திருமணம் செய்துவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதற்கு மனைவி மணமாகாதவர் என்று அவர் நாட்டுத் தூதரகத்திடம் சான்று வாங்க வேண்டும். மனுக் கொடுத்தபின் 21 நாள் அறிவிப்பும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். உங்களிடம் 11 நாள்தான் இருக்கிறது. அது போகட்டும், தாலி கட்டிய பெண்ணை 'இன்னும் கல்யாணம் ஆகவில்லை' என்று சத்தியம் பண்ண வைப்பீர்களா? அந்தப் பொய்யில் ஆரம்பிக்காதீர்கள். பின்னால் ஒவ்வொரு விண்ணப்பப் பாரத்திலும் அது உங்களைத் துரத்தும்.

ஊரில் செய்ய வேண்டியது இதுதான். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே நடக்கும் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் என்றால் சாதாரணக் கட்டணம். அது தப்பினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். உங்களுக்கு 35 நாள் போய்விட்டது, பயமில்லை. கல்யாணம் நடந்த இடத்துக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் இருவரும் சாட்சிகளோடு நேரில் நிற்க வேண்டும். மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் இங்கே ஷிஃப்டு பார்த்தால் காரியம் ஆகாது என்பது இதனால்தான். பத்திரம் கிடைத்ததும் இந்திய வெளியுறவு அமைச்சின் சான்று. அப்புறம் சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகம். போவதற்கு முன்பே அங்கே போன் செய்து, என்னென்ன நகல் வேண்டும், எந்த நாள் வரலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

துணைத் தூதரகம் எதற்கு? 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த திருமணச் சட்டப்படி, வெளிநாட்டில் கல்யாணம் செய்த மலேசியர் ஆறு மாதத்துக்குள் அதை மலேசியத் தூதரகத்திலோ, இங்கே திரும்பிய பிறகு ஜே.பி.என்.னிலோ பதிவு செய்ய வேண்டும். நம் ஆட்களில் பலர் தமிழ்நாட்டுப் பத்திரத்தை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முடியவில்லை. அந்தப் பத்திரம் மலேசியப் பதிவேட்டிலும் ஏற வேண்டும்.

பெயர் விஷயத்தில் ஒரு கண் வையுங்கள். நான் ஈப்போவில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் தாமதமான கோப்புகளில் பாதி இந்தப் பெயர்த் தகராறில்தான் நின்றன. உங்கள் ஐ.சி.யில் (அடையாள அட்டை) பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' இருக்கும். மனைவியின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும், பள்ளிச் சான்றிதழில் வெறும் இனிஷியலாக இருக்கும், ஆதாரில் ஓர் எழுத்து கூடியிருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதும்போது இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து வரட்டும். 'ஏ/எல்' என்றால் மகன் என்று அர்த்தம், அதுவும் பெயரின் பகுதிதான் என்று அங்கே உள்ளவருக்கு நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடுமுன் இரண்டு தடவை படியுங்கள். அங்கே பத்து நிமிடத்தில் திருத்துவதை இங்கே வந்தபின் திருத்த சத்தியப்பிரமாணம், மறுபடி சான்று, மறுபடி கூரியர் என்று அலைய வேண்டும்.

பதிவுக்கு இவ்வளவு வற்புறுத்துவதற்குப் பெரிய காரணம் பிறக்கப் போகும் குழந்தை. பெற்றோரின் திருமணம் சட்டப்படி நிலைநாட்டப்பட்டிருந்தால், இங்கே பிறக்கும் பிள்ளைக்கு உங்கள் குடியுரிமை வரும். இல்லையென்றால் அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி பிள்ளை தாயின் நிலையைத்தான் பின்பற்றும். அப்பா மலேசியர் என்பது அங்கே கணக்கில் வராது. பிள்ளை பிறந்த பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று இருந்த குடும்பங்கள் தோட்டப்புறத்தில் எத்தனையோ. என் அண்ணன் வீடும் அதில் ஒன்று. அவர் மகளுக்கு 12 வயதில் ஐ.சி. எடுக்கப் போனபோதுதான் விஷயமே வெளியே வந்தது. பிள்ளையைக் குடிமகளாகப் பதியக் கேட்டு அரசமைப்பின் 15ஏ பிரிவில் விண்ணப்பம் போட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். அண்ணனிடம் யாரும் அப்போது சொல்லவில்லை, அதனால்தான் உங்களிடம் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

பெத்தோங் யோசனையை விட்டுவிடுங்கள். கோலகங்சார், கிரிக், பெங்காலான் உலு என்று ஏறிப் போய் அன்றைக்கே திரும்பி வருவதைச் சிலர் பிக்னிக் மாதிரி சொல்வார்கள். இந்தியருக்கு விசா இல்லாத நுழைவு 2023 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது, 2026 இறுதிவரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் அது சுற்றிப் பார்க்க வருகிறவருக்கான சலுகை. ஒவ்வொரு முறையும் 30 நாள் கொடுப்பதும் திருப்பி அனுப்புவதும் எல்லையில் உள்ள அதிகாரியின் கையில். கர்ப்பிணியைத் திருப்பி அனுப்பினால் அந்த மலை மேல் நின்றுகொண்டு என்ன செய்வீர்கள்? நாள் தாண்டித் தங்குவதோ அதைவிட மோசம். குடிநுழைவுச் சட்டம் 15ஆம் பிரிவில் 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஏஜெண்டுக்கு ஒரே கேள்வி போடுங்கள்: 'கணவன் மனைவி இருவரும் நேரில் போகாமல் முடியுமா?' முடியாது. பிறகு அந்த 6,000 வெள்ளி எதற்கு?

சரி, பத்திரத்தோடு திரும்பி வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் மனைவிக்கான மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். விமான நிலையத்தில் கேட்டால் மறைக்காமல், கணவரோடு வாழ வந்திருக்கிறேன் என்று சொல்லி பத்திரத்தைக் காட்டட்டும். வந்த முதல் வாரத்திலேயே ஈப்போவில் நீண்டகால சமூக வருகை பாஸுக்கு, அதாவது நீங்கள் கேட்கும் அந்த விசாவுக்கு, மனுக் கொடுங்கள். இருபத்தெட்டாம் நாள் வரை இழுக்க வேண்டாம். முன்பதிவு வேண்டுமா என்று இணையத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பப் பாரம், பாஸ்போர்ட்டுகள், உங்கள் ஐ.சி., பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, படங்கள், சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, முத்திரை வரி கட்டிய பிணைப்பத்திரம் எல்லாம் வேண்டும். பட்டியலை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மாறிக்கொண்டிருக்கும். தோட்டத்து வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்வது முகவரியில். ஐ.சி.யில் பழைய தோட்டத்து முகவரி இருக்கும், அந்தத் தோட்டத்தையே விற்றுப் பத்து வருஷம் ஆகியிருக்கும். வீடு கம்பெனியுடையது, கரண்ட் பில்லும் கம்பெனி பெயரில். ஆகையால் ஐ.சி. முகவரியை முதலில் ஜே.பி.என்.னில் மாற்றுங்கள். நீங்கள் இந்த வீட்டில்தான் இருக்கிறீர்கள், மனைவியும் இங்கே தங்கலாம் என்று மானேஜரிடம் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்குங்கள். எல்லாவற்றையும் ஆல்பத்தோடு எடுத்துப் போங்கள். பத்திரம் இருக்கும்போது ஆல்பமும் பேசும். நேர்காணலில் இருவரையும் தனித்தனியே உட்கார வைத்து, எப்படிப் பழக்கம், மாமியார் பெயர் என்ன, வீட்டில் எத்தனை அறை என்று கேட்கலாம். மனப்பாடம் பண்ண வேண்டாம், உள்ளதைச் சொன்னால் போதும்.

இனி காத்திருப்பு. இத்தனை வாரம் என்று நான் சொல்ல மாட்டேன். உறுதியாகச் சொல்கிறவரையும் நம்பாதீர்கள். முடிவு வருமுன் 30 நாள் தீர்ந்துவிடும் போலிருந்தால், தீர்வதற்கு முன்னதாகவே மனு ரசீதோடு போய் ஸ்பெஷல் பாஸ் கேளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்காது, கட்டணம் 100 வெள்ளி. அது இங்கே தங்கியிருப்பதற்கு மட்டும். ஊரில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று அதை நம்பிப் போய்விட்டுத் திரும்பி வர முடியாது.

சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் தமிழ் நாட்காட்டியில், பாஸ் முடியும் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். மனைவியின் பாஸ்போர்ட் காலாவதிக்கும் ஒரு வட்டம். பாஸ்போர்ட்டில் எவ்வளவு ஆயுள் இருக்கிறதோ அதைத் தாண்டி பாஸ் தரமாட்டார்கள். ஈப்போவுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் உங்களுக்குச் சம்பளம் போகும். அதனால் எந்தத் தேதியில் எந்தக் கவுண்டரில் என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். 'போன தடவை இன்னொருவர் வேறு மாதிரி சொன்னாரே' என்று வாயால் சொல்வதைவிடத் தேதியோடு காட்டுவது மேல்.

காத்திருப்பின் பாரம் முழுக்க அந்தப் பெண் தலையில்தான் விழுகிறது. நீங்கள் ஷிஃப்டுக்குப் போய்விடுவீர்கள். அவருக்குத் தெரிந்த முகம் உங்கள் அம்மா ஒருவர்தான். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் 'இன்னும் விசா வரலையா?' என்று கேட்பார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கிய நம் பாட்டிமாருக்குக் கூடவே ஊர்க்காரர் நாலு பேராவது வந்தார்கள். பாஸ்போர்ட் அவர் கையிலேயே இருக்கட்டும். மாமியார் பீரோவில் வைத்துப் பூட்டுவது வேண்டாம். பாஸைப் புதுப்பிக்க நீங்கள் கூட வர வேண்டியிருக்கலாம், அதனால் வீட்டுச் சண்டையில் 'விசா புதுப்பிக்க வரமாட்டேன்' என்ற வார்த்தை உங்கள் வாயில் வரக்கூடாது. அந்த ஒரு சொல்லால் ஊருக்குத் திரும்பிப் போன பெண்களை எனக்குத் தெரியும்.

காத்திருக்கும் நாளில் மலாய் கற்றுக்கொள்ளட்டும். கிளினிக்கிலும் சந்தையிலும் உடனே உதவும். சில ஆண்டு இந்தப் பாஸில் தொடர்ந்து இருந்தால் நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கு மனுச் செய்யலாம். மலேசியரின் மனைவி குடியுரிமை கேட்கவும் அரசமைப்பின் 15ஆம் பிரிவில் வழி உண்டு. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அதற்கு மலாய் அறிவையும் நிபந்தனையாக்குகிறது. ஆனால் குடியுரிமை எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டாக வேண்டும், இரண்டு நாடும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அந்த முடிவை அவரே எடுக்கட்டும்.

தையலுக்கு வருவோம். இப்போதுள்ள வருகை பாஸில் எந்த வேலையும் கூடாது. உங்களுக்கும் அம்மாவுக்கும் தைக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. பக்கத்து வீட்டு ரவிக்கைக்குக் காசு வாங்கினால் அது வேலை, மாட்டினால் பாஸே போய்விடும். நீண்டகால பாஸ் கிடைத்த பிறகு, வேலை தருகிறவரின் கடிதத்தோடு குடிநுழைவுத் துறையிடம் அனுமதி கேட்கலாம். அவர் பெயரில் தனியாகக் கடை பதிவு செய்ய முடியாது, அது குடிமக்களுக்கும் நிரந்தர வாசிகளுக்கும் மட்டும்தான்.

பிரசவம் எங்கே என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் தனி, முன்பணமும் கேட்பார்கள். கட்டணக் கவுண்டரில் முன்கூட்டியே விசாரித்துப் பணம் ஒதுக்குங்கள். ஊரிலேயே பிரசவம் என்று முடிவானால், பிள்ளையின் பிறப்பை ஒரு வருஷத்துக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிந்துவிடுங்கள். இங்கே பிறந்தால் ஜே.பி.என்.னில் 60 நாளுக்குள். பல விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பிறகு டாக்டர் கடிதம் கேட்கும், அதனால் திரும்பி வருவதை அதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலையிலேயே மானேஜரிடம் இரண்டு வார லீவு கேளுங்கள், சம்பளமில்லா லீவானாலும் பரவாயில்லை. டிக்கெட் இரண்டு பேருக்கும் போடுங்கள். உங்கள் பிறப்புப் பத்திரத்தின் அசலையும், சாட்சிக்கு வருகிறவர்களின் அடையாள அட்டை நகலையும் மறக்காதீர்கள். அந்தக் கோயில் ரசீதும் கூட வரட்டும், சார்பதிவாளர் முதலில் அதைத்தான் கேட்பார்.