ஒசாகாவுக்கு முதல் பயணம்: மட்டன் ஊறுகாய் வேண்டாம், கேட்கிற துணிச்சல் வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 23, ஊர் தண்டையார்பேட்டை. மணலி பக்கம் வாகன உதிரிபாக ஆலையில் வேலை. கம்பெனி என்னை மூன்று வாரப் பயிற்சிக்கு ஜப்பானில் ஒசாகாவுக்கு அனுப்புகிறது. இதுவரை விமானம் ஏறியதே இல்லை. ஆங்கிலம் சுமார், ஜப்பான் மொழி சுத்தமாகத் தெரியாது. என்ன எடுத்துப் போவது, அங்கே எப்படி நடந்துகொள்வது?

பதில்: வாழ்த்துகள் தம்பி. அம்மா கட்டித் தரப்போகும் பையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முதலில் சிக்கல் வருவது அதில்தான். மட்டன் ஊறுகாய், கோழி வறுவல் என்று இறைச்சி சேர்ந்த எதையும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. கொஞ்சம்தானே என்ற பேச்சு அங்கே எடுபடாது, சட்டப்படி கடுமையான தண்டனை உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழமும் வேண்டாம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் போதும். மாத்திரையிலும் கவனம் தேவை. சூடோஎபெட்ரின் அதிகம் உள்ள சளி மாத்திரைக்கும் கோடீன் அதிகம் கலந்த இருமல் மருந்துக்கும் அங்கே தடை. வீட்டில் கிடக்கும் அட்டையை அப்படியே பையில் போடாமல், ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சாப்பாட்டில் கடல் உணவு உங்களுக்குப் புதிதல்ல. ஒசாகாவின் பேர்போன தகோயாகி உருண்டைக்குள் இருப்பது பேய்க்கணவாய், காசிமேட்டுப் பக்கத்து ஆளுக்கு அதில் என்ன பயம்? ஆனால் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ சாப்பிடாதவர் என்றால், அதை ஜப்பான் எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும் பன்றி எலும்புச் சாறோ மீன் சாறோ இருக்கலாம்.

இனி நடந்துகொள்வது. நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைத்தான். நம் வண்ணாரப்பேட்டையில் தப்பாக ஏதாவது செய்தால், முன்பின் தெரியாதவர்கூட “இன்னாபா இப்படிப் பண்றே” என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். ஜப்பானில் பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ரயிலில் போனில் சத்தமாகப் பேசினால் திட்ட மாட்டார்கள், பேசாமல் பொறுத்துக்கொள்வார்கள். நாம் செய்தது தப்பு என்பதே நமக்குத் தெரியாமல் போகும். அதனால் எங்கே போனாலும் முன்னால் நிற்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள். செருப்பை எங்கே கழற்றுகிறார், கழிப்பறைக்குத் தனிச் செருப்பு இருக்கிறதா, எஸ்கலேட்டரில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கவனியுங்கள். டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம். சாதத்தில் சாப்பிடும் குச்சியை நட்டுவைக்காதீர்கள், அது இறந்தவருக்குப் படைக்கும் முறை.

ஆலைக்குள் இது இன்னும் முக்கியம். பயிற்சி தருபவர் “புரிந்ததா?” என்று கேட்டால், மரியாதைக்காகத் தலையாட்டிவிடும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு நிறைய. இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு அப்படிச் செய்வது ஆபத்து. புரியவில்லை என்றால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள், போனில் மொழிபெயர்ப்பை வைத்தாவது கேளுங்கள். பாகம் ஒன்று வீணாகிவிட்டதா? மறைக்காமல் உடனே சொல்லுங்கள். பிரச்சினையை ஆரம்பத்திலேயே சொல்பவரை அங்கே நம்புவார்கள். ஒன்பது மணி வேலை என்றால், ஒன்பதுக்கு முன்பே உடை மாற்றித் தயாராக நிற்க வேண்டும்.

பணத்துக்கு உங்கள் டெபிட் கார்டையே பயன்படுத்தலாம், ஆனால் வெளிநாட்டுப் பயன்பாடு அதில் சும்மா திறந்திருக்காது. கிளம்பும் முன் வங்கி ஆப்பில் நீங்கள்தான் அதைத் திறந்துவிட வேண்டும். செவன் இலெவன் கடைகளில் உள்ள ஏடிஎம்மில் நம் ஊர் கார்டுகள் பெரும்பாலும் வேலை செய்யும். சின்னக் கடைகளுக்குக் கையில் கொஞ்சம் யென் இருக்கட்டும். டிப்ஸ் தரும் வழக்கம் கிடையாது. அங்கே மின்சாரம் 100 வோல்ட், பிளக்குக்குத் தட்டையான இரண்டு முனை, எனவே அடாப்டர் வேண்டும். சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் அந்த வோல்ட்டிலும் வேலை செய்யும், அடாப்டர் மட்டும் போதும்.

பாஸ்போர்ட்டை அறையில் பூட்டி வைக்காதீர்கள். குறுகிய காலம் தங்க வந்தவர் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அவசரத்துக்குப் போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119. குடியேற்றம், சுங்க விவரங்களை ‘விசிட் ஜப்பான் வெப்’ தளத்தில் முன்பே நிரப்பி, அதில் வரும் கியூஆர் குறியீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தின் முகவரி, அங்கே கூப்பிட வேண்டியவர் எண், கம்பெனி கடிதம் மூன்றும் காகிதத்திலும் இருக்கட்டும். முதல் பயணத்தில் போன் சார்ஜை மட்டும் நம்பக் கூடாது.

அப்புறம், கிளம்பும் நாள். தண்டையார்பேட்டையிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ நேராகவே போகிறது. ஆனால் நள்ளிரவில் ஓடாது, வெளிநாட்டு விமானங்கள் பலவும் அந்த நேரத்தில்தான் கிளம்புகின்றன. மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேரும்படி கணக்குப் போடுங்கள். வழியனுப்ப வீட்டார் எத்தனை பேர் வந்தாலும் டிக்கெட் உள்ளவருக்குத்தான் உள்ளே அனுமதி, அதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.